கல்வெட்டில் நான் போட்ட டிக்

சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதக் காலை. கீழ்வேளூர் பக்கம் ஒரு சிவன் கோயில். வெளியே வயலில் அறுவடை மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. தஞ்சாவூரில் ஆடிட்டராக நன்றாகவே சம்பாதித்துக்கொண்டிருந்தவள் நான். யார் பேச்சையும் கேட்காமல் அதை விட்டுவிட்டு, சோழர் காலக் கோயில் கணக்குகளை ஆராயக் கிளம்பியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு அலைந்தேன். வணிகவியல் துறையில் கேட்டால் வரலாற்றுக்குப் போகச் சொல்வார்கள். வரலாற்றில் கேட்டால் வணிகவியலுக்கு. கடைசியில் ஒரு பேராசிரியர், "முதல்ல ஒரு கல்வெட்டைப் படிச்சுப் புதுசா ஏதாவது சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அதற்காகத்தான் அன்று அந்தக் கோயில் சுவர்க் கல்வெட்டை வரி வரியாகப் படித்தேன். ஒரு விளக்கு அணையாமல் எரிய யாரோ ஆடுகள் கொடுத்திருக்கிறார். அவற்றை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் நெய் அளக்க வேண்டும். உற்சாகம் தலைக்கேறிவிட்டது. சரிபார்த்த வரிக்கெல்லாம் டிக் போடுவது எங்கள் கைப்பழக்கம். புரியாத எழுத்தைத் தரையில் எழுதிப் பார்க்கச் சாக்பீஸ் வைத்திருந்தேன். அந்தச் சாக்பீஸாலேயே, ஆயிரம் வருடக் கல்லில் டிக் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன்!

காவலாளி பார்த்துவிட்டார். "என்னம்மா பண்றீங்க? படிச்சவங்கதானே நீங்க?"

கோயில் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, போலீசில் சொல்ல வேண்டும் என்றார்கள். கல்வெட்டைப் படிக்க வாங்கியிருந்த அனுமதி ரத்தானால் ஆராய்ச்சியும் அதோடு சரி.

செயல் அலுவலர் ஓர் அம்மா. வந்து சுவரைப் பார்த்தார். "இது ஆடிட் டிக் ஆச்சே. வருஷா வருஷம் இதுதானே எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது" என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "ஆமா, இந்த ஒரு வரியை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? டிக் இல்லாத வரியிலதான் எங்களுக்கு வில்லங்கமே வரும்."

அது 'சாவா மூவாப் பேராடு' என்ற வரி. ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளால் ஈடு செய்து எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும் என்று அர்த்தம்.

"அந்த இடையரே செத்துப்போனா, ஊரை விட்டு ஓடிப்போனா யாரைக் கேக்கறது? அதுக்கு இங்க பதில் இல்லீங்க. அதான் டிக் போடலை" என்றேன்.

அவர் அந்த வரியை இன்னொரு முறை பார்த்தார். பிறகு காவலாளியிடம் திரும்பினார். "போலீசெல்லாம் வேணாம். இந்தம்மாவுக்கு நான் பொறுப்பு. வடக்குப் பக்கம் அடுக்கியிருக்கிற பந்தல் சாமானை நகர்த்திக் குடுங்க, அங்கயும் எழுத்து இருக்கு." என்னிடம், "முதல்ல இதைத் தண்ணி விட்டுத் துடைங்க" என்றார். என் துப்பட்டாவாலேயே துடைத்தேன்.

வடக்குச் சுவரில் அதே இடையரின் பெயர் இருந்தது. அவர் செத்தாலும் ஓடினாலும் நெய்யை நாங்கள் அளப்போம் என்று மற்ற இடையர்கள் சிலர் பெயர் கொடுத்துப் பிணை நின்றிருந்தார்கள். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது பேராசிரியர் என்னை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்டார்.

இன்று ஒரு கல்லூரியில் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் மாணவர்களை அங்கே அழைத்துப்போவேன். வாசலிலேயே பேனா, பென்சில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவேன். அந்த இடையர்களின் பெயர்களைப் படித்துக் காட்டும்போதெல்லாம் "இந்தம்மாவுக்கு நான் பொறுப்பு" என்ற குரல் காதில் கேட்கிறது. முன்பின் தெரியாத எனக்காக அன்று ஒருவர் பிணை நின்றதால்தான், இன்று அந்தச் சுவருக்கு முன்னால் நான் நிற்கிறேன்.