ஈரச்சாக்கு போர்த்திய சட்டி

போன வருஷம் மாசி மாதம், காரைக்குடியில் ஒரு வீட்டின் பின்கட்டில் நடந்தது இது. அங்கே சனிக்கிழமைகளில் ஒரு பெண் மண்பாண்டம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறார். முட்டி தேய்ந்து, சாரத்தில் ஏற முடியாமல் வீட்டில் கிடந்த என்னை, "எங்கிட்டாவது போய் நாலு பேரோட உக்காருங்கப்பா" என்று என் மகள்தான் சேர்த்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கும் அவள் வயதுதான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. சித்தாளாகக் கலவை தூக்கி, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, சொந்தமாக வீடு கட்டிக்கொடுக்கும் அளவுக்கு யார் தயவும் இல்லாமல் வந்தவன். அமராவதிபுதூர் முதல் நெற்குப்பை வரை நான் எழுப்பிய சுவரில் ஒரு விரிசல் காட்டுங்கள் பார்ப்போம். ஐம்பது வருஷம் கட்டடம் கட்டியவனுக்குச் சட்டி எம்மாத்திரம் என்றுதான் உட்கார்ந்தேன்.

சக்கரத்தில் வனைந்த சட்டி பாதி காய்ந்ததும், கவிழ்த்துவைத்து அடியைச் சீவ வேண்டும். பிறகு பூவேலை செதுக்கலாம். முழுக்கக் காய்ந்தபின் சூளையில் ஒரு சூடு. பளபளப்புப் பூச்சு பூசி இன்னொரு சூடு.

"அடி கனமா இருக்குய்யா, இன்னும் சீவுங்க" என்றார் அந்தப் பெண்.

"அஸ்திவாரத்தையே சீவச் சொல்றியே தாயி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சீவாமல் விட்டேன்.

அதோடு நின்றேனா? செதுக்குவதற்காகச் சட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். புதுச் சிமெண்டுப் பூச்சு என்றால் ஈரச்சாக்கு போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். சீக்கிரம் காய்ந்தால் வெடிப்பு விடும். சிமெண்டுக்கு அது சரி. அந்தக் கைப்பழக்கத்தில் மண் சட்டிக்கும் ஒரு வாரம் தண்ணீர் தெளித்தேன். கடைசி நாள் மட்டும் வெயிலில் வைத்தேன். மேலே காய்ந்ததுபோல நன்றாக வெளுத்துவிட்டது.

சூளையில் அடுக்கும்போது அந்தப் பெண் சட்டியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கப் போனார். உள்ளே ஈரமிருந்தால் ஜில்லென்று இருக்குமாம்.

"வாரம் பூரா காஞ்ச சட்டி. எனக்குத் தெரியாதா?" என்று வாங்கி நானே உள்ளே வைத்தேன். பக்கத்தில், எங்களோடு பழகும் ஓர் ஆச்சியின் தட்டு. பக்கவாதத்தில் வலது கை விழுந்தபின், மூன்று மாதமாக இடது கையாலேயே தாமரை செதுக்கிய தட்டு அது.

இரண்டு நாள் கழித்து எல்லோரையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண் சூளையைத் திறந்தார். என் சட்டி இருந்த இடத்தில் சில்லுகள் கிடந்தன. ஈரம் ஆவியாகி வெடித்திருக்கிறது. ஆச்சியின் தட்டு நான்காகப் பிளந்திருந்தது.

அவர் முகம் செத்துவிட்டது. "நாந்தான் சூட்டை வேகமா ஏத்திட்டேன் போல. மன்னிச்சிருங்க ஆச்சி."

"பக்குவம் தெரியாம எதுக்குச் சொல்லிக்குடுக்கணும்?" என்றார் ஒருவர், காதுபடவே. ஆச்சி ஒற்றைக் கையால் துண்டுகளை மடியில் பொறுக்கினார்.

நான் வாயைத் திறக்காமல் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். நடக்க முடியவில்லை. முட்டி வலி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு திரும்பிப்போய், ஈரச்சாக்கு போர்த்தியதையும் பொய் சொன்னதையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அந்தப் பெண் சுவரில் சாய்ந்துகொண்டார். ஆச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். "சட்டி வனைஞ்சீகளா, இல்ல தளம் போட்டீகளா மேஸ்திரி?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

மடியில் இருந்த துண்டுகளைக் கீழே வைத்துவிட்டு, "மண்ணுப் பிசைய எனக்கு ஒரு கை பத்தல. அதைச் செஞ்சு குடுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவருக்கு மண் பிசைகிறேன். உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் அழுத்திப் பிசைய வேண்டும், தோள்பட்டை கழன்றுபோகிறது. இரண்டாவது தட்டு இன்னும் முடியவில்லை. அவருடைய இடது கையும் இப்போது சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. சில வாரம் இரண்டு இதழோடு எழுந்து போய்விடுகிறார்.

தப்பை ஒத்துக்கொண்டால் மனசு லேசாகும் என்கிறார்கள், எனக்கு ஆகவில்லை. எத்தனையோ வீடு எழுப்பிய இந்தக் கையால் அந்த ஆச்சியின் மூன்று மாதத்தை மட்டும் திருப்பி எடுத்துக் கொடுக்க முடியாது என்பது, ஒவ்வோர் உருண்டை மண்ணைப் பிசையும்போதும் எனக்குத் தெரிகிறது.