ரெக்கார்டு மாதிரி இல்லாத பாட்டு

மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடிக்கு ஓடி, வற்றல் காயும் பழைய வேட்டியின் ஓரத்தில் வரிசையாகப் படுத்திருக்கும் ஆறு பாட்டரிகளையும் பாவாடையில் அள்ளிக்கொண்டு படியிறங்கும்போது தொடையில் சுரீரென்று ஒரு சூடு ஏறும் பாருங்கள், அந்தச் சூடு இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. செத்துப்போன பாட்டரியை வெயிலில் காயவைத்தால் மறுபடி உயிர் வரும் என்பதில் அன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. விஞ்ஞானம் என்ன சொல்லுமோ, எங்கள் வீட்டில் வந்தது. சாயங்காலம் ஒரு முக்கால் மணி நேரத்துக்காவது வந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. தியாகராய நகரில் ஒரு சந்துக்குள் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தார். வீட்டுக்காரர் எங்களுக்கு மூன்று பல்புக்கு மட்டும்தான் கரண்ட் கொடுத்திருந்தார். ‘பிளக்கு’ வைத்தால் அவர் வீட்டு மீட்டர் ஓடிப்போய்விடும் என்று பயம். அதனால்தான் அப்பா எங்கிருந்தோ வாங்கிவந்த ரெக்கார்டு பிளேயர், பெட்டிபோல மூடித் தூக்கிக்கொண்டு போகும் வகை, பாட்டரியில் ஓடியது. புதுப் பாட்டரி போட மனசு வராத மனிதர் எங்கள் அப்பா. “அதுல இன்னும் ஜீவன் கெடக்கு, வெயில்ல வையி” என்பார். இப்படி ஒரு வருஷம் ஓட்டினார் என்றால் நம்புவீர்களா?

வீட்டில் இருந்தது இரண்டே ரெக்கார்டு. ஒன்று நாகஸ்வரம். இன்னொன்று, அப்பாவுக்குத் தெரிந்தவர் யாரோ தலையில் கட்டிய சின்ன ரெக்கார்டு. ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டு ஓடிப்போன ஏதோ படத்தின் பாட்டு. ரேடியோவிலும் அதைப் போடமாட்டார்கள், ஓட்டல்களிலும் கேட்காது. வாசலில் நிற்கும் ஒருத்தி, வருகிறேன் என்று சொல்லிப்போனவனை நினைத்துப் பாடுகிற பாட்டு. ஆழமான, கனத்த பெண்குரல். ஒவ்வொரு சொல்லையும் விடுவதா வேண்டாமா என்று யோசித்து விடுவதுபோல மெதுவாகப் பாடுவாள். அந்தப் பாட்டின் மேல் எங்கள் வசந்தா அக்காவுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது.

அதற்குக் காரணம் உண்டு. அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு நல்ல பாட்டு ஞானம், ஆனால் குரல் கனம். அந்தக் காலத்தில் பெண் குரல் என்றால் மேலே மேலே ஏறி ஊசிமுனையில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்து வாழ்த்துப் பாடலிலேயே டீச்சர் அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளியிருந்தார். வீட்டில் அம்மாவே, “ஏட்டி, ஆம்பளை கணக்கா பாடாத, கீழ்வீட்டுல என்ன நெனைப்பாங்க” என்று அடக்குவாள். இப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் ரெக்கார்டுக்குள்ளிருந்து தன்னைப்போலவே ஒருத்தி பாடினால் எப்படி இருக்கும்! “பாத்தியா, இந்தக் குரலையும் ரெக்கார்டு எடுத்திருக்காங்க” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தப் பாட்டைத் துணி துவைக்கும்போதும் பாடினாள், அரிசி புடைக்கும்போதும் பாடினாள். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போதெல்லாம் கல்யாண ரிசப்ஷன் என்றால் ‘லைட் மியூசிக்’ இல்லாமல் இருக்காது. சினிமாப் பாட்டுகளை மேடையில் பாடும் குழுக்கள் மயிலாப்பூர், மாம்பலம் பக்கமெல்லாம் தெருவுக்கு ஒன்று இருந்தன. அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாராட்டு, “ரெக்கார்டு மாதிரியே இருந்திச்சு” என்பதுதான். ஒரு பிர்கா கூடினாலோ குறைந்தாலோ, முன்வரிசை மாமாக்கள் உச்சுக்கொட்டிவிடுவார்கள். அப்படி ஒரு குழுவை நடத்திவந்தவர் கோதண்டம். அபிராமபுரத்தில் ஒரு கார் ஷெட்டில் ஒத்திகை, அக்கார்டியன் அவரே வாசிப்பார், குழுவில் எல்லோரும் அவரை ‘நைனா’ என்பார்கள். குழுவுக்குச் சட்டைத் துணி எடுக்க எங்கள் கடைக்குத்தான் வருவார்.

ஒருநாள் தலையில் கைவைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாராம். நாளை மறுநாள் மயிலாப்பூரில் ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளைக்கு ஒரு பாட்டு என்றால் உயிராம், அதை முதலில் பாடியே ஆகவேண்டும் என்று பெண்வீட்டார் ரெக்கார்டையே கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். பாடுகிற பெண்ணுக்கோ அம்மை போட்டுவிட்டது. வேறு பாடகிகள் யாருக்கும் அந்தப் பாட்டே தெரியவில்லை. என்ன பாட்டு என்று அப்பா கேட்டிருக்கிறார். அவர் பாட்டைச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டாராம். “அதைத்தான எங்க வீட்ல ஒருத்தி விடிஞ்சா பொழுதுபோனா பாடிட்டுக் கெடக்கா.”

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வயசுப்பெண் மேடை ஏறுவதாவது! ராத்திரி சாப்பாட்டின்போது அக்காவிடம் கறாராகச் சொன்னார்: “ஒருக்கா பாடு. ரெக்கார்டு மாதிரியே இருக்குன்னு நாலு பேரு சொன்னா மேக்கொண்டு பாப்போம். இல்லைன்னா இனிமே பாட்டுக்கீட்டுன்னு இந்த வீட்ல பேச்சே வரப்பிடாது.” அக்கா தலையாட்டினாள். அதைவிட அவளுக்கு வேறென்ன வேண்டும்? அந்த ரெக்கார்டு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

மறுநாள் ஒத்திகைக்குத் துணையாக நான் போனேன். அக்கா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பாடினாள். முதல் அடி முடிவதற்குள் கோதண்டம் அக்கார்டியனை நிறுத்திவிட்டார்.

“இன்னாம்மா இது? நீ ரெக்கார்டு கேட்டுக்கிறியா இல்லியா?”

“தினமும் கேக்குறேனே சார்.”

“எந்த ரெக்கார்டு?” என்றவர், பெண்வீட்டார் கொடுத்ததை எடுத்து, சுவர் பிளக்கில் செருகி, கரண்டில் ஓடும் பெரிய பிளேயரில் போட்டார்.

இத்தனை நாள் வீட்டில் நான் கேட்டது பொய்யோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதே வார்த்தைகள், அதே மெட்டு. ஆனால் குதித்துக் குதித்து ஓடியது பாட்டு. வழக்கமான அந்த ஊசிக்குரல், கொஞ்சலும் சிணுங்கலுமாக. வாசலில் நிற்பவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, அவன் தெருமுனையில் வருவதைப் பார்த்துவிட்டு விளையாடுகிறாள். எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அந்த ரெக்கார்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோதே எங்கள் பாட்டரிகள் கிழடுதட்டிவிட்டன. வெயிலில் காய்ந்து எழுந்துவந்த அந்த ஆறும் தட்டைத் தள்ளாடித் தள்ளாடிச் சுற்ற, பாட்டு மெதுவாகி, குரலும் கீழே இறங்கியிருக்கிறது. நாகஸ்வரத்தில் எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அக்காவைப்போலப் பாடிய அந்தப் பெண் உலகத்திலேயே கிடையாது.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. “அப்ப அந்தக் குரல் யாருதுமில்லையா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள், அவ்வளவுதான். எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபத்தில் அந்தப் பாட்டரிகளை எல்லாம் கிணற்றில் போட வேண்டும்போல இருந்தது.

“ஓடற மாதிரியே பாடிப் பாரும்மா” என்றார் கோதண்டம். பாடினாள். ஏறும் இடத்தில் தொண்டை கம்மியது. நாலு தடவை பாடி, நாலு தடவையும் கம்மியது. டிரம்ஸ் வாசிக்கும் ஏழுமலை, நொச்சிக்குப்பத்துக்காரர், அதுவரை சும்மா இருந்தவர், வாயைத் திறந்தார்: “நைனா, அது மொதல்ல பாடிச்சே, அதான் சோக்கா கீது.”

“நீ சும்மா இருடா. மாப்பிள்ளை கேட்டது ரெக்கார்டு.”

மறுநாள் மயிலாப்பூர் மண்டபத்தில் நல்ல கூட்டம். ஒரு பக்கம் பந்தி நடந்துகொண்டிருந்தது. அப்பா கடையை மூடிவிட்டு வந்து பின்னால் தூணோரமாக நின்றார். மாப்பிள்ளையின் விருப்பப் பாடல் என்று கோதண்டம் மைக்கில் சொன்னதும் கைதட்டினார்கள். அக்கா ரெக்கார்டின் வேகத்திலேயே ஆரம்பித்தாள். பல்லவி எப்படியோ தப்பித்தது. முதல் சரணத்தில் உச்சிக்குப் போகும் இடத்தில் குரல் கீச்சென்று உடைந்தது. பின்வரிசைப் பையன்கள் விசிலடித்துச் சிரித்தார்கள். அக்கா நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்த்தேன், அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்போது ஏழுமலை குச்சியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த பாங்கோஸை மடியில் எடுத்துக்கொண்டு விரலால் தட்ட ஆரம்பித்தார். பாதி வேகம். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவர் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது: “ரெக்கார்ட வுடும்மா. நேத்து பாடினியே, அத்தப் பாடு.” கோதண்டம் அவரை முறைத்தார். முறைத்த கண்ணை எடுக்காமலே அக்கார்டியனில் சுருதியைக் கீழே இறக்கிப் பிடித்தார். இறக்காமல் என்ன செய்வார், மேடையில் நின்றாயிற்றே!

அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். வீட்டில் துணி துவைக்கும்போது நான் கேட்ட பாட்டுத்தான், ஆனால் அம்மா அடக்காத குரலில், கீழ்வீட்டுக்காரர்களுக்குப் பயப்படாத குரலில் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். வருகிறேன் என்று சொன்னவன் வரவே இல்லை என்பது பாட்டில் எந்த வரியிலும் இல்லை. அவள் பாடியபோது இருந்தது. விசிலடித்த பையன்கள் அடங்கிப்போனார்கள். பந்தியிலிருந்து எழுந்தவர்கள் கை கழுவப் போகாமல் எச்சில் கையோடு வாசற்படியில் நின்றார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் பெண் இருப்பதையே மறந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் கைதட்ட ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை.

எந்தப் பாட்டு வேண்டும் என்று எழுதி மேடைக்குச் சீட்டு அனுப்புவது அந்தக் கச்சேரிகளில் வழக்கம். கடைசியில் கோதண்டம் ஒரு சீட்டைப் பிரித்து, மைக்கில் படித்தார்: “‘மறுபடியும் மாப்பிள்ளை பாட்டு. முதலில் பாடியது வேண்டாம். இரண்டாவது பாடியது.’ பேர் போடலை.” பேர் எதற்கு? அவர் கையில் இருந்தது எங்கள் கடையின் பில் தாள். ஊதா நிறக் காப்பியிங் பென்சிலில் குண்டு குண்டாக எழுதியிருந்த எழுத்தைக் கோதண்டத்தின் தோளுக்கு மேலாக அக்கா பார்த்தாள். அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டேதான் இரண்டாம் முறை பாடினாள், அது இன்னும் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு நடந்துவரும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஏம்ப்பா, ரெக்கார்டு மாதிரி இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையே?” என்றேன். அப்பா நாலு எட்டு நடந்த பிறகு சொன்னார்: “ரெக்கார்டு இவளை மாதிரி இல்லாமப் போனா, அதுக்கு நான் என்னட்டி செய்ய?”

அதன்பிறகு அக்கா கோதண்டத்தின் குழுவில் பன்னிரண்டு வருஷம் பாடினாள், கல்யாணத்துக்குப் பிறகும் பாடினாள். பிரபலமான பாட்டுகளைக்கூட அவளுக்காகச் சுருதி இறக்கி வாசித்தார்கள். எல்லாம் நன்றாக வந்ததென்று அக்கா என்பதற்காகச் சொல்லமாட்டேன், சில பாட்டுகள் அவளிடம் மாட்டிக்கொண்டு முழித்தன. ஆனால் நாலைந்து பாட்டுகள் உண்டு, அசலை நீங்கள் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தால் அசல் வெட்கப்பட்டுப்போகும். அதில் முதலாவது மாப்பிள்ளை பாட்டு. மற்றக் குழுக்களும் அதைக் கேட்டுக் கேட்டு அப்படியே பாடத் தொடங்கின.

இப்போது அந்த மயிலாப்பூர் மண்டபம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். கோதண்டமும் இல்லை, ஏழுமலையும் இல்லை. அபிராமபுரத்தில் அந்த ஷெட்டைத் தேடிப்போய்த் தெருவையே கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிவந்தேன். அக்கா பாடிய ஒரு பாட்டுகூட ஒரு டேப்பிலும் கிடையாது, யாருக்கும் அன்று அது தோன்றவில்லை. அந்த ஓடிப்போன படத்தின் ரெக்கார்டு மட்டும் எப்படியோ பிழைத்து, இன்று எல்லோருடைய ஃபோனிலும் இருக்கிறது. இது எந்த ஊர் நியாயம் என்று நான் பலநாள் பொருமியிருக்கிறேன்.

போன மாதம் ஆதம்பாக்கத்தில் உறவுக்காரர் வீட்டு ரிசப்ஷன். அக்காவும் நானும் போயிருந்தோம். மேடையில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்தப் பாட்டு. மெதுவாக, கீழ்ச்சுருதியில், ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்து. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இடைவேளையில் அந்தப் பெண் எங்கள் மேஜைப் பக்கம் வந்தபோது பிடித்து உட்காரவைத்தேன்.

“இந்தப் பாட்டை எங்கேம்மா கத்துக்கிட்டே?”

“எங்க மாஸ்டர் சொல்லிக் குடுத்தாரு ஆன்ட்டி. அவருக்கு அவரோட மாஸ்டர்.”

“ஃபோன்ல வேற மாதிரி வேகமா இருக்கே?”

“ஐயோ, அதைக் கேக்காதீங்க ஆன்ட்டி! யாரோ ஸ்பீடு ஏத்திப் போட்டு வச்சிருக்காங்க. ஒரிஜினல் இதுதான்.”

நான் சொல்ல வாயெடுத்தேன். பாட்டரி, பிளேயர், ஏழுமலை, எல்லாவற்றையும் கொட்டிவிடுவதென்று. மேஜைக்கடியில் அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

“ஆமாம்மா, ஒரிஜினல் இதுதான்” என்றாள், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். “ரெண்டாவது சரணத்துல மட்டும் அவசரப்படாதே.”