மகுடேஸ்வரன் போனைக் குழப்பிய கதை

மகுடேஸ்வரன் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். நான் நூல் புரோக்கர். முப்பது கவுன்ட் ரக நூல் வேண்டுமென்றால் அதை மட்டும் கேட்க மாட்டான். இருபது, இருபத்தைந்து, நாற்பது எல்லாவற்றுக்கும் விலை விசாரித்து, நடுவில் போகிற போக்கில் முப்பதையும் கேட்பான். தேவை எதுவென்று தெரிந்தால் நாங்கள் விலையை ஏற்றிவிடுவோமாம். ஏற்றுவோம்தான், பிழைப்பு அதுதானே. திருப்பூரில் பாதிப் பேர் இப்படித்தான் நூல் வாங்குகிறார்கள். அந்தச் சாமர்த்தியத்தைக் கொண்டுபோய்ப் போனிடம் காட்டினான் பாருங்கள், அங்கேதான் கெட்டது.

ஐம்பதைத் தாண்டியவன். மனைவி போய் வருஷங்கள் ஆகிவிட்டன. மறுமணத்துக்கு வரன் பார்க்கும் இணையதளம் ஒன்றில் ரகசியமாகப் பதிந்தான். அதில் பல்லடத்து இந்துமதி அமைந்தாள். அவளும் கணவனை இழந்தவள், ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு பார்க்கிறாள். இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஒரே இடைஞ்சல் இவனுடைய அக்கா பொன்னாத்தாள். இந்த வயதில் தம்பி மாலை மாற்றினால் சொந்தபந்தத்தில் தலைகாட்ட முடியாது என்பது அவள் கட்சி. எல்லாம் முடிவாகும்வரை அவள் காதுக்குப் போகக் கூடாது. போனால் ஒப்பாரி வைத்தே கலைத்துவிடுவாள்.

அக்காதான் தினமும் இவனுக்குச் சோறு கொண்டுவருவாள். இவன் சாப்பிட்டு முடிக்கும்வரை இவன் போனை வாங்கிச் சீரியல் பார்ப்பாள். அந்தத் தளத்தில் பதிந்ததை எவனோ விளம்பரக்காரன் மோப்பம் பிடித்துவிட்டான். எதைத் திறந்தாலும் மறுமண விளம்பரம். ஒருநாள் அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. இதென்ன கருமம் என்று தள்ளிவிட்டாள். இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

விளம்பரக்காரனைக் குழப்பிவிடுவதென்று முடிவெடுத்தான். கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்தினான். டிராக்டர், மூலத்துக்கு மருந்து, உடுமலையில் தென்னந்தோப்பு, பிரசவ ஆஸ்பத்திரி, குடியை மறக்க வைக்கும் இல்லம். அத்தோடு விட்டானா? காதர்பேட்டை பனியன் சந்தையில் விசாரித்த கடையில் விசிட்டிங் கார்டு கொடுக்காமல் வருவது மரியாதை இல்லை. அந்தப் பழக்கத்தில் கேட்ட இடத்திலெல்லாம் பேரும் நம்பரும் கொடுத்திருக்கிறான், மடையன். சும்மா பொய்க்குத்தானே கேட்டேன் என்கிறான். கொடுத்த நம்பர் நிஜம்தானே.

நான் சொல்லிப் பார்த்தேன். "நாங்க மனுசங்கப்பா, நீ கேட்டத மறந்துருவோம். இந்தப் போன் மறக்காது. நீ திரும்பத் திரும்ப எதப் பாக்கறீன்னு அதுக்குத் தெரியும்." கேட்கவில்லை. மறுமண விளம்பரம் குறைந்துவிட்டது என்று குதித்தான். கொஞ்சம் குறைந்தது வாஸ்தவம். பதிலுக்கு டிராக்டர்காரனும் தோப்புக்காரனும் மாறி மாறிக் கூப்பிட்டு உயிரை எடுத்தார்கள்.

குடியை மறக்க வைக்கும் இல்லத்திலிருந்து கூப்பிட்டபோது போன் அக்கா கையில் இருந்தது. சாரை எப்போது அட்மிட் பண்ணலாம், ஆரம்பத்தில் வீட்டு ஆட்கள் பார்க்க வரக் கூடாது என்று அந்தப் பெண் கனிவாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு சொட்டு தொடாதவனை அக்கா பொழுது சாய்வதற்குள் ஊருக்கே குடிகாரனாக்கிவிட்டாள். அழுதுகொண்டே சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். பேச்சு பல்லடம்வரை போய்விட்டது.

இந்துமதி பல்லடத்தில் ஒரு பேக்கரிக்கு வரச் சொன்னாள். துணைக்கு என்னையும் இழுத்துப்போனான். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல், சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"குடிக்கறவரா இருந்தாக்கூடப் போனாப் போகுதுன்னு இருந்திருப்பனுங்க," என்றாள். "மூலத்துக்கும் டிராக்டருக்கும் உங்க பேரத் தைரியமாக் குடுத்திருக்கறீங்க. என்ற பேரச் சொல்லத்தான் வெக்கமாப் போச்சுங்களா?"

எனக்கே சுருக்கென்றது. அவனுக்கு முகம் செத்துப்போயிற்று. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தான்.

"அக்கா, நான் குடிக்கறதில்லீங்க. பல்லடத்துல இந்துமதின்னு ஒருத்தரு. அவுங்களக் கண்ணாலம் பண்ணிக்கப் போறனுங்க."

பொன்னாத்தாளின் குரல் பேக்கரி முழுக்கக் கேட்டது.

"அதுக்கு நீ குடிச்சே தொலஞ்சிருக்கலாமேடா."

கல்லாவில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மகுடேஸ்வரன் போனை அணைக்கக் கை நீட்டினான். இந்துமதி அந்தக் கையை நகர்த்திவிட்டுப் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கட்டிக்கொண்டவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கையா, நான் இந்துமதி பேசறனுங்க," என்றாள்.