போர்டை மறைத்த சிப்ஸ் சரம்

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல காரியம் செய்யப் போய், ஒரு குடும்பத்தின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டு வந்தேன்.

பதற வேண்டாம். முழுசாகச் சொல்கிறேன்... கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் மகளிர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர் என்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். (புதிதாக வருகிறவர்களுக்கு: ஊர், போர்ட் பிளேர். தலைவி வங்காளி, பொருளாளர் மலையாளி, சண்டை மட்டும் இந்தியில்.) கணவனை இழந்த பெண்களுக்குச் சின்னதாக ஒரு தொழில் வைத்துக் கொடுப்பது, அவர்கள் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்காமல் பார்த்துக்கொள்வது — இதுதான் எங்கள் வேலை. வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் போடுவோம். ரிப்போர்ட் என்றால் போட்டோ வேண்டும். போட்டோ என்றால் அதில் சங்கத்தின் போர்டு தெரிய வேண்டும்.

அதற்காகத்தான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சிப்பிகாட் போனேன். செல்வராணியின் பலகாரக் கடைக்கு.

செல்வராணிக்கு நாற்பது வயது இருக்கும். தாத்தா காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பம். கணவர் டிப்பர் லாரி ஓட்டினார். ஒரு மழை நாளில் லாரி கவிழ்ந்தது, ஆள் போய்விட்டார். ஒரே மகள் காவியா, பன்னிரண்டாம் வகுப்பு. மெயின்லேண்டில் நர்சிங் படிக்கப் போகிறாள். எந்த காலேஜ், எந்த மாதம் கப்பல் ஏற வேண்டும், ஹாஸ்டலுக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிற பெண்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடையை வைத்துக் கொடுத்தது எங்கள் சங்கம். போர்டு வாசகம்? என் கைவண்ணம்! 'விதவை செல்வராணியின் மறுவாழ்வுக்காக எங்கள் சங்கம் வழங்கிய கடை.' தமிழில் ஒரு வரி, இந்தியில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. மூன்று வரியும் அந்த வார்த்தையில்தான் ஆரம்பம். அதுவும் சிவப்பு எழுத்தில். படிக்கிறவர்களுக்கு மனசு இளகி ரெண்டு பாக்கெட் கூடுதலாக வாங்குவார்கள் என்று எனக்கு நினைப்பு.

நான் போய் இறங்கியபோது கடையில் ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். பெரார்கஞ்சிலிருந்து பைக்கில் வந்தவர். தங்கைக்கு நிச்சயதார்த்தமாம். அதிரசம், லட்டு, முறுக்கு... பெரிய ஆர்டர். செல்வராணி ஒரு அதிரசத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவர் கடித்துவிட்டு, "அரே வா! எங்க அம்மா செஞ்ச மாதிரியே இருக்கு" என்றார். காவியா ஆர்டர் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே — பல்லெல்லாம் தெரிகிறது.

சரி, அவர்கள் பேசட்டும், நம் வேலையைப் பார்ப்போம் என்று நான் போனை எடுத்தேன். பார்த்தால் போர்டின் ஒரு ஓரம் தெரியவில்லை. வாழைக்காய் சிப்ஸ் பாக்கெட்டுகளைச் சரமாகக் கோத்து அதன் மேல் தொங்கவிட்டிருக்கிறார்கள். மூன்று வரியின் முதல் வார்த்தையும் சரத்துக்குப் பின்னால்.

இவர்களுக்கு ஒரு ஒழுங்கே கிடையாது என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு ஏறினேன். சரத்தைக் கழற்றி அடுத்த கொக்கியில் மாட்டினேன். இறங்கி வந்து படம் எடுத்தேன். ஒன்று... ரெண்டு...

இந்தம்மா எதைப் படம் எடுக்கிறாள் என்று அந்த மனிதர் அண்ணாந்து பார்த்தார்.

படித்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"சரிங்க... வீட்ல கேட்டுட்டு போன் பண்றேன்."

காவியாவின் பேனா அப்படியே நின்றது. அவர் பைக் பக்கம் நடந்தார். எனக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் விட்டேனா? புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"ஏன் சார், அதிரசம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருக்கு மேடம், யாரு இல்லேங்கறா? தப்பா நெனக்காதீங்க. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கிடையாது. வீட்ல பெரியவங்க இருக்காங்க... சுப காரியம் பாருங்க."

எனக்கு வந்ததே கோபம்! எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள், அவள் கைபட்டால் லட்டு கசக்குமா, என்று வாயைத் திறந்தவள்... அப்படியே மூடிக்கொண்டேன். ஏனென்றால் இதே வசனத்தை நானே பேசியிருக்கிறேன்.

போன வருஷம் என் மகள் கல்யாணம். இந்தக் கடைக்கு ரிப்பன் வெட்டி, மைக் பிடித்துப் பேசிய நான், சீர்ப் பலகாரத்தை எங்கே வாங்கினேன் தெரியுமா? சென்னையில். ஃபிளைட்டில் வந்தது. பாதி முறுக்கு தூளாகி வந்தது. செல்வராணியிடம், "சம்பந்தி வீட்டுப் பெரியவங்க என்ன சொல்வாங்களோன்னு..." என்று இழுத்தேன். சம்பந்தி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இழுத்தது நான் மட்டும்தான்.

"பரவால்லக்கா" என்றாள் அன்றைக்கு.

பைக் போய்விட்டது. திரும்பி வந்தேன். காவியா ஸ்டூலில் ஏறிச் சரத்தைப் பழைய இடத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என் ஐடியா ஆன்ட்டி" என்றாள், என்னைப் பார்க்காமலே. "போர்டை எடுக்கக் கூடாதுன்னு உங்க ரூல்ல இருக்கு. அதான் மறைச்சேன். மறைச்ச பெறகுதான் ஃபங்ஷன் ஆர்டரே வருது. சில்லறை யாவாரத்துல வீடு ஓடும், அவ்ளோதான். என் ஹாஸ்டலுக்கு ஃபங்ஷன் ஆர்டர் வந்தாத்தான் உண்டு. இப்ப போனது பெரிய ஆர்டர்."

"சின்னப்புள்ள, ஏதோ பேசுது, விடுங்கக்கா" என்றாள் செல்வராணி.

சின்னப்புள்ளை பேசியதில் என்ன தப்பு? நம் ஊரில் எந்தக் கடையிலாவது 'மனைவியை இழந்த மாணிக்கம் மெடிக்கல்ஸ்' என்று போர்டு பார்த்திருக்கிறீர்களா? ஆண்பிள்ளைக்கு லோன் கொடுத்தால் மாணிக்கம் மெடிக்கல்ஸ். பெண்பிள்ளைக்குக் கொடுத்தால் மட்டும் அவள் துக்கத்தை மூன்று பாஷையில் எழுதி நெற்றியில் ஒட்டுவோமா? சோறு போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, சோற்றில் கையை வைத்திருக்கிறோம். ரெண்டு வருஷமாக! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழவில்லை. அழுதால் அந்தப் பெண்கள் எனக்குத் தண்ணீர் கொண்டுவர ஓடுவார்கள். அந்த வேலை வேறு எதற்கு அவர்களுக்கு?

"ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?" என்று கேட்டேன்.

கல்லாப் பெட்டிக்குள் இருந்தது. எத்தனை மாதமாக அங்கே இருந்ததோ!

நாலு ஸ்க்ரூ. ரெண்டு துருப்பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, மூன்று பேரும் மாற்றி மாற்றித் திருகி, ஒருவழியாகக் கழற்றினோம். நடுவில் தலைவிக்குப் போன் போட்டேன். "தீதி, போர்டை எடுக்கிறேன்." "அரே, போட்டோ?" "கடையை எடுக்கிறேன் தீதி. பலகாரத்தை எடுக்கிறேன். ரிப்போர்ட்டுக்கு அது போதும்." அப்புறம், "மீட்டிங்கில் பேசலாம்" என்றார். பேசலாம். மற்ற கடைகளின் போர்டுகளையும் சேர்த்தே பேசப்போகிறேன்.

கழற்றிய தகரம் வீணாகவில்லை. செல்வராணி அதை மாவு டிரம்முக்கு மூடியாகப் போட்டுவிட்டாள். எழுத்து உள்பக்கம். கொக்கிக்கு மேலே இப்போது ஒரு அட்டையில் 'செல்வராணி பலகாரம்' என்று காவியா ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறாள். பெரார்கஞ்சுக்காரர் போன் பண்ணவில்லை. பண்ணவும் மாட்டார்.

கிளம்பும்போது, நல்லவள் ஆகிவிட்ட சந்தோஷம் எனக்கு. என் மகளுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது. "செல்வராணி, அடுத்த மாசம் அவளுக்கு வளைகாப்பு. பலகாரம் மொத்தமும் உன் பொறுப்பு" என்றேன், பெரிய வள்ளல் மாதிரி.

செல்வராணி சிரித்தாள். காவியா ஆர்டர் நோட்டைத் திறந்தாள். தேதி எழுதினாள். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாள், எழுதினாள். அப்புறம் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"சச் போலோ ஆன்ட்டி, உண்மையைச் சொல்லுங்க... அன்னைக்கு மம்மியும் வந்து அக்கா கையில வளையல் போடலாமா?"

"ஏய், சும்மா இரு!" என்றாள் செல்வராணி.

"கண்டிப்பா போடணும்" என்றேன் நான்.

சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ரெண்டு செகண்ட் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

அந்த ரெண்டு செகண்டையும் காவியா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.