மதாம் வீட்டு வாசலில் உப்பு

அம்மணி டீச்சருக்குத் திசை தெரியவில்லை என்று திண்டிவனத்தில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். பெண்கள் பள்ளியில் இருபது வருஷமாக விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில், கையில் வாட்ச், காலில் எப்போதும் கேன்வாஸ் ஷூ. அவள் விசில் ஊதினால் பஸ் ஸ்டாண்டில் ரிவர்ஸ் எடுக்கிற பஸ்கூட நின்றுவிடும் என்று கேலி பேசுவார்கள். நடுராத்திரியில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் கிழக்கு எது என்று கை நீட்டிக் காட்டக்கூடியவள்.

அப்படிப்பட்டவளைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆக்கிவிட்டது கியூபெக். கனடாவில் பிரெஞ்சு பேசுகிற பழைய கோட்டை ஊர். ஒரு தொண்டு நிறுவனம் டிக்கெட் போட்டு எட்டுப் பெண் பிள்ளைகளைக் கோ-கோ ஆடிக் காட்ட அங்கே அனுப்பியது. கூட ஹெட்மாஸ்டர் தேவநாதனும் அம்மணியும். "அம்மணி டீச்சர் வந்தா அனுப்புறோம், இல்லன்னா வேணாம்" என்று எட்டு வீட்டிலும் ஒரே பேச்சு. வேறு யாரை நம்பியும் எந்தத் தாயும் பிள்ளையைக் கடல் தாண்டி விடத் தயாராக இல்லை. அதில் அம்மணிக்குப் பெருமை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டாள்.

ஆனால் போய் இறங்கியதிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. காலை ஏழு மணிக்கும் இருட்டு, சாயங்காலம் நாலு மணிக்கும் இருட்டு. சூரியன் ஏதோ ஓரமாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. மதில் செஞ்சிக்கோட்டை மாதிரி இருக்கிறது, ஆனால் மதிலுக்குள் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மூச்சு விட்டால் புகை வருகிறது. கிழக்கு எங்கே என்று கேட்கக்கூட அவளுக்கு வாயில்லை, ஏனென்றால் கேட்டால் பதில் பிரெஞ்சில் வரும்.

பிள்ளைகளும் அவளும் தங்கியது தனியாக வாழ்கிற ஒரு வயதான அம்மாவின் வீட்டில். பெயர் வாயில் நுழையவில்லை. பாண்டிச்சேரிப் பழக்கத்தில் எல்லாரும் 'மதாம்' என்றே கூப்பிட்டார்கள். தேவநாதன் சாருக்கு அடுத்த தெருவில் இடம். பேச்சை மொழிபெயர்க்க ராயப்பன் என்று ஒருவன் வந்தான். பாண்டிச்சேரிக்காரன், அந்த ஊரிலேயே குடியேறியவன், பிரெஞ்சும் தமிழும் தெரிந்தவன்.

முதல் நாள் சாயங்காலம் பெட்டியோடு வாசலுக்கு வந்த அம்மணி அப்படியே நின்றுவிட்டாள். கருங்கல் படி மூன்றிலும் வெள்ளையாக ஏதோ இறைத்திருந்தது. குனிந்து ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு! நல்ல கல்லுப்பு!

"மேல காலை வைக்காதீங்கடி, உப்பு கெடக்குது!" என்று கத்தினாள்.

"பின்ன எப்படி மிஸ் உள்ள போறது? பறந்துக்கினா போறது?" என்றாள் அஸ்வினி. எட்டுப் பேரில் வாய் அதிகம் அவளுக்குத்தான்.

அம்மணியின் சொந்த ஊர் காணை என்றாலும் அவள் அம்மா வீரம்மாள் கடலோர மரக்காணத்துக்காரி, உப்பளத்தில் உப்பு வாரியவள். ஒரு கல் உப்பு தரையில் சிந்தினாலும் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஓரமாகப் போடுவாள். உப்பு மகாலட்சுமி, மிதித்தால் வீடு விளங்காது. அந்தப் பேச்சைப் பாலோடு குடித்து வளர்ந்தவள் அம்மணி. அன்றைக்கு ஷூவைக் கழற்றிவிட்டு, படியின் ஓரமாகச் சாக்ஸ் காலோடு தாண்டித் தாண்டி உள்ளே போனாள். உள்ளங்கால் விறைத்தது.

படுக்கையில் புரண்டு யோசித்தாள். தனியாக இருக்கிற கிழவி வீட்டு வாசலில் உப்பை இறைத்தது யார்? திருஷ்டி கழித்துப் போட்டதா, இல்லை ஆகாதவர்கள் எவராவது செய்தார்களா? இந்த அம்மாவோ ஒன்றும் தெரியாமல் அதன்மேல் நடந்துகொண்டிருக்கிறது! யாரிடம் சொல்வது, எந்த பாஷையில் சொல்வது?

நம் ஊரில் மத்தியானம் ஆகிற நேரம் என்று உடம்பு சொன்னதால் விடிவதற்கு வெகு முன்பே எழுந்துவிட்டாள். மார்கழி மாதம். தங்க இடம் கொடுத்த வீட்டின் வாசல் இப்படிக் கிடக்கலாமா? கதவோரம் இருந்த துடைப்பத்தால் உப்பை ஒரு கல் விடாமல் கூட்டி ஓரமாக ஒதுக்கினாள். சமையலறையில் ஒரு பக்கெட் வெந்நீர் பிடித்து, வாசல் நிலையில் நின்றபடியே மூன்று படியிலும் சளசளவென்று தெளித்தாள். ஆவி பறந்தது. பார்க்கவே நிறைவாக இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி மாவை எடுத்து வருவதற்குள் தண்ணீர் காய்ந்துவிட்டதாக அவள் நினைத்தாள். ஈரம் கையில் ஒட்டவில்லை, கல் கண்ணாடியாகப் பளபளத்தது. எட்டிக் குனிந்து மேல்படியில் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். போட்டு முடிப்பதற்குள் வானத்திலிருந்து பனி கொட்டி அதை மூடிவிட்டது. வெள்ளைமேல் வெள்ளை. சலிப்போடு உள்ளே போய்ப் படுத்தாள்.

விடிந்ததும் ரொட்டி வாங்கக் கிளம்பிய மதாம் முதல் படியில் காலை வைத்தாள். அடுத்த நொடி கீழே கிடந்தாள்.

அந்த அலறல் எந்த பாஷையும் இல்லை. அம்மணி ஓடினாள், நிலையைத் தாண்டும்போது அவளுக்கும் கால் வழுக்கியது, படியோரக் கம்பியைப் பிடித்துத் தப்பினாள். ஆம்புலன்ஸ் வந்தது, மதாமின் மகள் வந்தாள், அக்கம்பக்கத்தார் வந்தார்கள். எல்லாரும் படியைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். என்ன பேசுகிறார்கள் என்று அம்மணிக்குத் தெரியவில்லை. உப்பை ஏவிவிட்டவன் வேலைதான் இது, நாம் கூட்டித் தள்ளியும் பலித்துவிட்டதே என்றுதான் அவள் மனம் அடித்துக்கொண்டது.

மத்தியானம் வலது மணிக்கட்டில் கட்டோடு மதாமை அழைத்து வந்து கூடத்தில் உட்கார வைத்தார்கள். மகள் நின்றபடியே படபடவென்று பேசினாள். ராயப்பன் முகம் சுருங்கியது.

"அக்கா, ஐஸ்ல வழுக்காம இருக்கத்தான் தினமும் இங்க வாசல்ல உப்பு போடுவாங்க. உப்பு பட்டா ஐஸ் கரையும். இன்னிக்கு யாரோ உப்பையும் பெருக்கித் தள்ளிட்டு தண்ணியும் ஊத்தியிருக்காங்க. அது அப்படியே உறைஞ்சிருக்கு. பசங்க வெளாட்டு இதுன்னு சொல்றாங்க. இன்னிக்கே வீட்டக் காலி பண்ணணுமாம். மொத்தப் பேரையும் ஊருக்கே திருப்பி அனுப்பச் சொல்லி தொண்டு நிறுவனத்துக்கு எழுதப் போறாங்களாம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. மறுநாள் கோட்டை மைதானத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பனியில் கோ-கோ ஆடிக் காட்ட எட்டுப் பேரும் ஒரு வருஷமாகத் துடித்துக்கொண்டிருந்தார்கள். கெட்ட பேரோடு ஏர்போர்ட்டில் போய் இறங்கப் போகிறார்கள். அதுவும் யாரை நம்பி வந்தார்களோ அவளாலேயே.

"சார்... நான்தான்..." என்று தேவநாதன் காதருகே முணுமுணுத்தாள்.

"வாயத் தொறக்காதீங்க டீச்சர்" என்றார் அவர், உதடு அசையாமல். "தானா உறைஞ்சிருக்கும்னு சொல்லிக்கலாம். யாரு பார்த்தாங்க?"

பார்த்தவள் இருந்தாள். அஸ்வினி எழுந்து நின்றாள். "நான்தாங்க தண்ணி ஊத்தினேன். என்னை மட்டும் அனுப்பிடுங்க."

அம்மணிக்கு ஒரு கணம் புரியவே இல்லை. இவள் ஏன் இப்படிச் சொல்கிறாள்? "இன்னாடி ஒளர்ற?"

"ஜன்னல்ல பார்த்தேன் மிஸ்" என்றாள் அஸ்வினி மெதுவாக. "நீங்க போயிட்டா நாங்க யாரு கூட இருக்கறது?"

அம்மணி கண்ணில் நீர் முட்டியது. கோபமும் வந்தது, தன்மேல்தான். "உக்காருடி" என்றாள், மைதானத்துக் குரலில். தேவநாதன் சாரின் பக்கம் திரும்பவே இல்லை. "ராயப்பா, சொல்லு தம்பி. நான்தான் செஞ்சேன். உப்ப மிதிக்கக் கூடாது, அது எங்களுக்கு லட்சுமி. மார்கழி மாசம் வாசல் தெளிக்காம இருக்கக் கூடாது. மரியாதைக்குத்தான் செஞ்சேன். பசங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அனுப்பறதுன்னா என்னை அனுப்பட்டும்."

ராயப்பன் திக்கித் திணறிச் சொன்னான். மகள் நம்பவில்லை, வாசலில் தண்ணீர் ஊற்றுவது மரியாதை என்றால் யார்தான் நம்புவார்கள்? மதாம் மட்டும் அம்மணியையே பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"உப்ப மிதிச்சா கோவிச்சிக்கிற சாமி, கிழவி விழுந்தா கோவிச்சிக்காதான்னு கேக்கறாங்க அக்கா."

அம்மணி ராயப்பன் பக்கம் திரும்பினாள். "தெரியலன்னு சொல்லு. எனக்கு இந்த ஊருக்கு வந்ததுல இருந்து ஒண்ணுமே தெரியலன்னு சொல்லு."

அதைக் கேட்டதும் மதாமின் உதட்டோரம் லேசாக அசைந்தது. மகள் என்னவோ மறுத்தாள். மதாம் நல்ல கையைத் தூக்கி அவளை நிறுத்தினாள்.

"எல்லாரும் இருக்கட்டுமாம். ஆனா அவங்க கை உடைஞ்சிடுச்சாம். இனிமே தினம் காலையில உப்பு போடறது உங்க வேலையாம்."

மறுநாள் விடியலில் அம்மணி உப்புப் பக்கெட்டோடு நிலையில் நின்றாள். கைப்பிடி உப்பை அள்ளிவிட்டாள், வீச மனம் வரவில்லை. மிதிபடப் போகிற உப்பு. அம்மா பார்த்தால் என்ன சொல்வாள்? அம்மாவை நினைத்ததும் அம்மாவின் கால்தான் கண்ணுக்குள் வந்தது. வெடித்து, வெளுத்து, உப்பு தின்ற பாதம். மிதிக்காதே மிதிக்காதே என்று சொன்னவள் ஆயுசு முழுக்க வெறுங்காலோடு உப்புப் பாத்தியில்தானே நின்றாள்! இத்தனை வருஷத்தில் இது ஒருநாளும் தனக்குத் தோன்றவில்லையே என்று அம்மணி திகைத்து நின்றாள். இதற்கு என்ன அர்த்தம் என்றும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"மன்னிச்சிக்கோ தாயி" என்றாள். லட்சுமியிடமா அம்மாவிடமா, அவளுக்கே தெரியாது. வாசல் தெளிக்கிற அதே வீச்சில் மூன்று படியிலும் உப்பை இறைத்தாள்.

பின்னால் கதவு திறந்தது. கட்டுப்போட்ட கையோடு மதாம் வந்து நிலையில் நின்றாள். படியைப் பார்த்தாள், காலை எடுக்கப் பயந்தாள். அம்மணி அவளுக்கு முன்னால் போய், உப்பின்மேல் தன் காலை அழுத்தி வைத்தாள். நறநறவென்றது, வழுக்கவில்லை. திரும்பித் தோளைக் காட்டினாள்.

"பிடிச்சிக்கினு வா மதாம். நான் மிதிச்சிட்டேன்."

மதாம் நல்ல கையால் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.