பல் ஆஸ்பத்திரியில் வாசித்த நாவல்கள்

பல் டாக்டரின் வாசலில் சீட்டு கொடுக்கிற பெண்ணுக்கு வீட்டில் 'பட்டதாரி' என்றே பெயர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா அந்தப் பெயரைப் பெருமையாகவும் சொல்வாள், பாத்திரம் கழுவாமல் கிடந்தால் குத்தலாகவும் சொல்வாள். "பட்டதாரி அம்மா, படிச்சுக் கிழிச்சது போதும், வந்து தேய்."

அவள் இன்னும் கிழித்துக்கொண்டுதான் இருந்தாள். சீட்டு கொடுக்கிற இடைவெளியில் நாவல் நாவலாக. காதல் நாவல் எரிச்சல்: ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் முதல் அத்தியாயத்திலேயே கல்யாணம் முடிந்திருக்கும். சரித்திர நாவலில் ராஜா பேசி முடிப்பதற்குள் குதிரை தூங்கிவிடும்; ஆனாலும் அவர் செத்தபோது மூக்கைச் சிந்தினாள். பேய் நாவலில் வந்த பேய்க்கு வேலைவெட்டி கிடையாது, கதவைத் தட்டுவதோடு சரி. ஆயிரம் வருஷம் கழித்து நடக்கிற விஞ்ஞான நாவலில் பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. இதைக் கண்டுபிடிக்கவா பட்டம் வாங்கினோம் என்ற கேள்வி அவ்வப்போது எட்டிப்பார்க்கும். பக்கத்தைத் திருப்பினால் போய்விடும்.

பயந்து நடுங்குகிறவர்களுக்கு அவள் கதை சொல்வாள். சொத்தை அடைக்க வந்தால் காதல், பிடுங்க வந்தால் துப்பறியும் கதை. கொலைகாரன் சிக்குவதற்கு முன்னால் நிறுத்தி உள்ளே அனுப்பிவிடுவாள். மிச்சத்தைக் கேட்கிற ஆசையில் ஆள் ஓடாது. போன வாரம் புத்தி கெட்டுப்போய்ப் பேய்க் கதை சொன்னதில் இரண்டு பேர் பல்லோடு ஓடிவிட்டார்கள்.

"இன்னொரு ஆள் ஓடினா நீயும் கூடவே கிளம்பிடும்மா," என்றிருந்தார் டாக்டர்.

அன்று வந்தவர் லாரி டிரைவர். மீசை பெரிது, தைரியம் சின்னது. துப்பறியும் கதையை வாய் பிளந்து கேட்டவர், நாற்காலியில் சாய்ந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டு அவளைச் சைகையால் கூப்பிட்டார்.

"கொன்னது யாருன்னு சொல்லிடு தங்கச்சி. அப்புறம் என்ன வேணா பண்ணிக்கட்டும்."

அந்த நாவலில் கொன்றது ஒரு டாக்டர். அதுவும் ஊசி போட்டு.

"தோட்டக்காரன்தான் அண்ணே."

டிரைவர் நிம்மதியாக வாயைத் திறந்தார். டாக்டருக்குத்தான் பொறுக்கவில்லை.

"தோட்டக்காரன் எங்கே கொன்னான்? டாக்டர்தானே ஊசி போட்டுக் கொன்னாரு," என்றார், கையில் ஊசியோடு.

அவள் சாப்பிடப் போகிற நேரத்தில் மேசையில் கிடக்கிற புத்தகங்களை இவரும் மேய்ந்திருக்கிறார்.

டிரைவர் கழுத்தில் கட்டிய துணியோடு படியிறங்கிவிட்டார். பட்டதாரி கைப்பையை எடுத்தாள்.

"நானா சார் இவரை விரட்டினேன்?"

டாக்டர் முகமூடிக்குள் என்னவோ முணுமுணுத்தார். அதற்குள் வாசலில் மீசை தெரிந்தது.

"ஆமா, அந்த டாக்டர் எதுக்குக் கொன்னாரு?"

"உக்காருங்க, சொல்றேன்."

டாக்டர் சொல்லச் சொல்ல டிரைவரின் வாய் தானாகத் திறந்தது. ஊசி ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. ஆனால் டாக்டர் கதையைக் குழப்பிவிட்டார். சொத்துக்காகக் கொல்லப்பட்ட மைத்துனனை மாமனாராக்கிவிட்டார். பட்டதாரிக்கு நாக்கு துறுதுறுத்தது. பல் கையில் வரட்டும், அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டாள்.