கோபம் ஆறாமல் மலை ஏறினேன்

போன ஐப்பசியில் என் மகள் தேவி இருக்கும் வளைகுடா ஊரின் மேல் ஏவுகணைகள் விழுந்தன. அவள் அங்கே நர்ஸ். "எங்கள ஆஸ்பத்திரிக்குக் கீழ எறக்கிட்டாங்க நைனா, நீ சாப்புடு" என்றாள். லைன் அறுந்தது. அதன் பிறகு போன் மணியே அடிக்கவில்லை.

நான் விசைத்தறி ஓட்டுகிறவன். பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வேர்த்துவிடும். அதனால்தான் முருகனடியார்களான உங்களுக்கு இதை எழுதிச் சொல்கிறேன்.

டிவியில் பெரிய மனிதர்கள் கோட்டு போட்டுக் கைகுலுக்கினார்கள். அவர்களின் பிள்ளைகள் யாரும் எந்த ஆஸ்பத்திரிக்குக் கீழேயும் உட்கார்ந்திருக்கவில்லை. நெருப்பைக் காட்டினார்கள். நடுவில் சோப்பு விளம்பரம். மறுபடி நெருப்பு. எனக்கு வயிறு எரிந்தது.

டீக்கடையில் என் அக்கா வீட்டுக்காரர் டிவிக்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மச்சான், உம் பொண்ணு ஊர்ல இன்னிக்கி எத்தினி உட்டானுங்க? அங்க பாரு, ஒண்ணு போவுது, இன்னொண்ணு வந்து மோதுது. தீவாளிதான் போ!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் முருகன் படத்தின் முன் நின்று, "குண்டு போடுறவன் வூட்டு மேலயும் ஒண்ணு விழட்டும்" என்றேன். அந்த நாட்களில் என் பிரார்த்தனை அவ்வளவுதான்.

கந்த சஷ்டி அன்று எங்கள் ஊர் முருகன் மலை ஏறினேன். வரிசையில் எனக்கு முன்னால் வெளியூர் அம்மா ஒருவர் பூ விற்கிறவளிடம், "சூரசம்ஹாரம் எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார்.

"இங்க ஏதும்மா சம்ஹாரம்? சண்டையெல்லாம் முடிச்சி, கோவம் ஆறி வந்து நிக்கிறாரு. இங்க பூதான் கொட்டுவாங்க. ரெண்டு மொழம் வாங்கிக்க."

இந்த ஊரில் பிறந்த எனக்கு அது தெரியாததல்ல. ஆனால் அன்று அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. 'சூரனை முடித்த பிறகுதானே உனக்கு ஆறியது? எங்கள் சூரன்கள் கோட்டு போட்டு உலவுகிறார்கள். எனக்கு எப்படி ஆறும்?' மனசுக்குள் முருகனோடு சண்டை போட்டபடியே வரிசையில் நகர்ந்தேன்.

சந்நிதியில் கூடை கூடையாகப் பூ விழுந்தது. அதே பிரார்த்தனையைச் சொல்ல வாய் திறந்தேன். சொல்ல வரவில்லை. குண்டு போடுகிறவன் வீட்டுக்குக் கீழேயும் ஒரு தேவி உட்கார்ந்திருந்தால்? பல்லைக் கடித்துக்கொண்டு வேறு கேட்டேன். "எம் பொண்ணக் காப்பாத்து. அவகூட கீழ கீறவங்களக் காப்பாத்து. அந்தப் பக்கம் கீறவங்களையும் காப்பாத்து." அழுதுவிட்டேன். அப்போதும் கோபம் போகவில்லை.

மறுநாள் காலை போன் வந்தது. தறியை நிறுத்தினேன்.

"நைனா, மேல வந்துட்டோம். கீழயே ஒரு பிரசவம் பாத்தோம், தெரியுமா? கொழந்த நல்லா கீது. நீ சாப்ட்டியா?"

தற்செயல் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். டிவியில் அதே நெருப்பு. அக்கா வீட்டுக்காரருக்கும் டிவிக்கும் நடுவில் போய் நின்றேன். "பாவா, அது எம் பொண்ணு கீற ஊரு. தீவாளி இல்ல. டிவிய நிறுத்தச் சொல்லு."

"அட, உனக்கு வாய்கூட கீதா மச்சான்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் டிவியை அணைத்தார். பாவா டீயைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "தேவி பேசிச்சா?" என்று கேட்டார்.

இன்றைக்கும் எங்கோ குண்டு விழுகிறது. இன்றைக்கும் எனக்குக் கோபம்தான். ஒவ்வொரு கிருத்திகைக்கும் அதோடுதான் மலை ஏறுகிறேன். பெயர் தெரியாதவர்களுக்காகக் கேட்கிறேன். செய்தி பார்த்து உங்களுக்கும் நெஞ்சு கொதித்தால், அது அடங்கட்டும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். கொதிப்போடு வாருங்கள். அவன் வாங்கிக்கொள்வான்.